மில்வாக்கி தந்ததும் பெற்றதும்

காங்கேயம் காளைகளை ஜோடியாக வைத்து மதிப்பிடுவது கொங்கு நாட்டு வழக்கம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வரும் உழவர் ஒரு காளையின் திமிலையும் கொம்பையும் மட்டும் பார்த்து விலை பேசிவிடுவதில்லை. வீட்டில் நிற்கும் காளையோடு அது ஒரே நுகத்தில் ஒத்து நடக்குமா என்றும் எண்ணிப் பார்க்கிறார். வலிமையினும் இணக்கம் பெரிது என்னும் இவ்வுண்மை, மனிதர் கூடி உழைக்கும் இடங்களுக்கும் பொருந்தும். பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஓர் அணியை விட்டு மற்றோர் அணிக்குப் பெயரும்போது அது தெளிவாகப் புலப்படுகிறது.

நம் நாட்டில் இதற்குச் சான்றாக நிற்பது, 1891இல் கல்கத்தாவில் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம். பெங்களூர் முதலிய வெளியூர்களிலிருந்தும் தேர்ந்த கால்பந்து வீரர்களைத் திரட்டிய அக்கழகம், 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அப்பட்டத்தைத் தன்னிடமே வைத்திருந்தது. 1940இல் டூரண்டு கோப்பையையும் வென்றது. ஆனால் 1947இல் நாடு பிரிந்தபோது ஆட்டக்காரரும் ஆதரவாளரும் சிதறினர். 1948இல் பெற்ற லீக் பட்டத்துக்குப் பின், அடுத்ததைப் பெற 1957 வரை கழகம் காத்திருந்தது. சென்றவர்க்கு ஈடாக அங்கே எவரும் வரவில்லை.

ஈடு பெற்று ஆட்டக்காரரைக் கொடுக்கும் முறை அமெரிக்கக் கூடைப்பந்தில் நெடுங்காலமாக உண்டு. அம்முறையில் நிகழ்ந்த பெரும் பரிமாற்றங்களுள் ஒன்று, ஒரு முஸ்லிம் வீரரைப் பற்றியது.

1968இல் தொடங்கப்பட்ட மில்வாக்கி பக்ஸ் அணி, தன் முதற்பருவத்தில் 27 ஆட்டங்களில் வென்று 55இல் தோற்றது. 1969இல் லூ அல்சிண்டர் என்னும் ஏழடி இரண்டங்குல உயர இளைஞர் வந்து சேர்ந்தார். வெற்றிகள் 56 ஆயின. 1970இல் அனுபவம் முதிர்ந்த ஆஸ்கார் ராபர்ட்சனைச் சின்சினாட்டி அணியிடமிருந்து பரிமாற்றத்தில் பெற்றனர். இணை பொருந்திற்று. 1971இல் 66 வெற்றிகளோடு பருவத்தை முடித்த அணி, இறுதிச் சுற்றில் பால்டிமோரை ஓர் ஆட்டமும் தோற்காமல் வென்றது. 1968இலேயே இஸ்லாத்தைத் தழுவியிருந்த அல்சிண்டர், இவ்வெற்றியை அடுத்துக் கரீம் அப்துல் ஜப்பார் என்னும் பெயரை உலகறிய ஏற்றார்.

புகழின் உச்சியில் இருந்த ஒருவர் ஏன் ஊர் மாற விரும்பினார்? ஊதியக் குறைவு காரணமன்று. அவ்வூர் மக்கள் மீது அவர் குறையும் கூறவில்லை. தம் சமயமும் பண்பாடும் நாடும் சூழல் அங்கே இல்லை என்பதே அவர் மனக்குறை. பிறந்த ஊரான நியூயார்க்குக்குச் செல்லவே ஆசைப்பட்டார். 1974இல் ராபர்ட்சன் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் கரீம் தம் விருப்பத்தை நிர்வாகத்தாரிடம் தெரிவித்தார். அந்தப் பருவத் தொடக்கத்தில் கை முறிந்து அவர் சில வாரம் ஆடாதிருக்க, அணி 38 வெற்றிகளோடு நின்றது.

1975 ஜூன் 16 அன்று அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுக்கப்பட்டார். உடன் வால்ட் வெஸ்லியும் சென்றார். ஈடாக எல்மோர் ஸ்மித், பிரையன் வின்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மன், டேவ் மேயர்ஸ் என நால்வர் மில்வாக்கிக்கு வந்தனர். பின்னிருவரும் அவ்வாண்டுதான் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள்.

உடனே நிகழ்ந்தது யாது? கரீம் இல்லாத மில்வாக்கி அடுத்த பருவத்திலும் அதே 38 வெற்றிகளைப் பெற்றது. கரீமைப் பெற்ற லேக்கர்ஸ் 30இலிருந்து 40க்கு உயர்ந்தும் பட்டச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. தூணை வாங்குவதற்காகச் சுவர்களைக் கொடுத்த வீட்டின் நிலை அது. 1979இல் மேஜிக் ஜான்சன் என்னும் இளைஞர் வந்து பந்தை உரிய நேரத்தில் உரிய கைக்குச் சேர்த்த பிறகே குறை நீங்கிற்று. 1980, 1982, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பட்டங்கள் கிடைத்தன.

மில்வாக்கிக்கோ 1976-77இல் வெற்றிகள் 30ஆகத் தாழ்ந்தன. ஆயினும் வின்டர்ஸையும் பிரிட்ஜ்மனையும் கைவிடாது வளர்த்த அவ்வணி, 1980 முதல் 1986 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து தன் பிரிவில் முதலிடம் பெற்றது. எனினும் தலைமைப் பட்டம் மீண்டும் கைக்கு வர 2021 வரை ஐம்பதாண்டுகள் சென்றன. பெருந்திறமைக்குச் சரியான ஈடு கிடைப்பது அரிது என்பதையும் வரலாறு இவ்வாறு கூறிவிடுகிறது.

இம்முறையில் நெறி பற்றிய வினாவும் உண்டு. ஆட்டக்காரரின் சம்மதம் கேளாமலே அவரைப் பண்டம்போல் கைமாற்றுவது மனித மாண்புக்கு ஒவ்வுமா? ஆட்டக்காரர் சங்கத் தலைவராயிருந்த ராபர்ட்சன் 1970இல் வழக்குத் தொடுத்தார். 1976இல் ஏற்பட்ட உடன்பாடு, ஒப்பந்தம் முடிந்தவர் தாமே வேறு அணி தேடும் உரிமைக்கு வழி திறந்தது. கரீமோ ஒப்பந்தம் முடியுமுன்னரே தம் மனத்தை மறைக்காமல் உரைத்தார். புறப்படும் வரை கடமையில் குறை வைக்கவில்லை. பிரிந்து சென்ற அவருடைய 33ஆம் எண்ணை இனி எவரும் அணியலாகாது என ஒதுக்கி மில்வாக்கி 1993இல் பெருமை செய்தது.

காங்கேயத்து எண்ணெய் ஆலையிலும் அரிசி ஆலையிலும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும், நம் மதரஸாவிலும் பள்ளிக்கூடத்திலும் கைதேர்ந்த ஒருவர் விலகும் நாள் வரத்தான் செய்யும். அன்று அவரைப் பழிப்பது எளிது. அவர் இருக்கும்போதே இளையவரைப் பழக்குவதும், போனபின் வந்தவரைப் பொறுத்து வளர்ப்பதுமே அரிது. ஈடாக வந்த நால்வருள் ஒருவரான பிரிட்ஜ்மன், ஆட்டத்தை விட்டபின் வணிகத்தில் செழித்து, 2024இல் அதே மில்வாக்கி அணியின் பத்தில் ஒரு பங்கை விலைக்கு வாங்கி உரிமையாளர்களுள் ஒருவரானார், 2025இல் மறைந்தார். கரீமுக்கு மாற்றாக எண்ணிக்கையில் சேர்க்கப்பட்ட அவ்விளைஞர் இவ்வாறு வருவார் என்று 1975இல் கணக்கிட்டவர் யார்?