கார்த்திகைக் கூட்டமும் ஒரு பெண் வானியலாளரும்

உடப்புசல்லாவையில் கார்த்திகை மழை மாதம். தீபத் திருநாளன்று லயத்து வாசல்களில் விளக்கேற்றுவோம்; அந்நாளுக்குப் பெயர் தந்த நட்சத்திரக் கூட்டத்தையோ பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். அதைக் காண ஓகஸ்ட் மாத அதிகாலை நல்லது. பெரட்டுக்கு ஆட்கள் புறப்படுமுன் அது உச்சிக்கு அருகே நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரியும். உண்மையில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவை ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயு முகிலில் ஒன்றாகப் பிறந்தவை.

இத்தகைய கூட்டத்தை விண்மீன் கொத்து என்பர். விண்மீனொன்றின் வாழ்வைப் பிறப்பு முதல் முடிவு வரை எந்த மனிதராலும் பார்த்திருக்க இயலாது. கொத்துகளே அதற்கு வழி தந்தன. அவற்றில் வயது ஒன்று, தூரம் ஒன்று, மூலப்பொருளும் ஒன்று, வேறுபடுவது நிறைதான். நிறை கூடியது தன் எரிபொருளை விரைவில் தீர்த்துவிடும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹேர்ட்ஸ்பிரங் 1911இல் கார்த்திகைக் கூட்டத்தின் விண்மீன்களை நிறம், ஒளி என்பவற்றின்படி வரைபடமாக்கினார். பிற்காலத்தில் இத்தகைய வரைபடமே கொத்தின் வயதைக் கணிக்கும் கருவியாயிற்று.

1953இல் அமெரிக்கரான அலன் சன்டேஜ் ஒரு புதிரைக் கண்டார். முதிய கொத்தொன்றில், எப்போதோ மறைந்திருக்க வேண்டிய சில நீல விண்மீன்கள் இளமையோடு நின்றன. ‘நீலப் பின்தங்கிகள்’ எனப்பட்ட இவற்றைப் பற்றிய ஆராய்ச்சியில் முக்கிய பங்களித்தவர்களுள் ஒருவர் கலாநிதி அன்னபூரணி சுப்பிரமணியம்.

அவர் பாலக்காட்டைச் சேர்ந்தவர்; இசைக் குடும்பத்தில் வந்து வாய்ப்பாட்டும் வயலினும் கற்றவர். ஊரிலுள்ள விக்டோரியா கல்லூரியில் விஞ்ஞானம் படித்தார். 1990இல் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து, விண்மீன் கொத்துகளும் விண்மீன் பரிணாமமும் பற்றிய ஆய்வுக்கு 1996இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2019இல் அந்நிறுவகத்தின் பணிப்பாளரானார்.

2015 செப்டெம்பர் 28இல் இந்தியா அஸ்ட்ரோசாற் செய்மதியை ஏவியது. அதிலிருந்த புறஊதாத் தொலைநோக்கியின் அளவுத்திருத்தப் பணியை அவரே கவனித்தார். அதனைக் கொண்டு அவரது குழு என்.ஜீ.சி. 188 என்னும் கொத்தை நோக்கியது. அதன் வயது ஏறக்குறைய 700 கோடி ஆண்டு. அங்கே ஒரு நீலப் பின்தங்கியின் அருகில் சுமார் 17,000 பாகை வெப்பமுள்ள துணை விண்மீன் இருப்பதை 2016இல் வெளியிட்டனர். சாதாரண ஒளியில் தெரியாத துணை புறஊதாக் கதிரில் தெரிந்தது. முதுமையடைந்த அத்துணை தன் வெளிவாயுவை மற்றதற்குக் கொடுத்திருக்கிறது. பெற்றுக்கொண்டது மீண்டும் இளமையாய் ஒளிர்கிறது. புதிரின் ஒரு விடை அதுவே.

அஸ்ட்ரோசாற் திரட்டிய தரவுகளை இன்று எவரும் பணமின்றிப் பெற்று ஆராயலாம். தொலைநோக்கி இல்லையென்பது இனி பெருந்தடையல்ல. தடை அதற்கு முன்னரே வந்துவிடுகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள மலையகத் தமிழ்ப் பாடசாலைகள் இன்றும் சிலவே. கணிதமும் பௌதிகவியலும் படிக்க விரும்பும் பிள்ளை பல வேளைகளில் ஊர்மாற வேண்டியிருக்கிறது. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் தயங்க, அவள் கிடைத்த பாடத்தோடு நின்றுவிடுகிறாள்.

கொழும்பிலும் சென்னையிலும் கனடாவிலும் வாழும் சகோதரிகளே, மலைமேல் வானாய்வகம் கட்ட நம் சங்கத்தால் இயலாது. ஒரு மாணவியின் விடுதிச் செலவை இரண்டு ஆண்டுகள் ஏற்பதும், மாலை வகுப்புக்கு ஒரு கணித ஆசிரியையை அமர்த்துவதும் இயலும். நூற்றாண்டு விழாவின் செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி இருக்கட்டும்.