வரும், போகாது: தருமபுரி மாவட்டத்தில் மின்னஞ்சல்

கணினியில் நிறுவிய அஞ்சல் மென்பொருளில் கடிதம் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. வந்ததை எடுத்துத்தர ஒரு சேவையகம். எழுதியதை வாங்கி அனுப்ப இன்னொன்று. எடுக்கும் இடத்தில் கடவுச்சொல் தொடக்கம் முதலே உண்டு. அனுப்பும் இடத்தில் தொடக்கத்தில் அது கிடையாது. ஜான் போஸ்டல் 1982இல் வகுத்த எஸ்எம்டிபி நெறிமுறை, தெருமுனை அஞ்சல்பெட்டியைப் போல, போடுகிறவர் யாரென்று கேட்டதில்லை. ஒருவரையொருவர் அறிந்த சில நூறு ஆய்வுக்கூடங்களுக்கு அது போதும். விளம்பரக் குப்பை பெருகிய 1990களில்தான் அந்த வழியில் பூட்டுகள் ஏறத் தொடங்கின. தருமபுரிக்கு இணையம் வந்ததும் ஏறக்குறைய அதே காலம்.

1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில், 2004 பிப்ரவரி 9 வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கியிருந்தன. ஆகவே அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் கொண்ட ஓசூர்த் தொழிற்பேட்டையும் மாவட்டத்தின் இணைய வரலாற்றில் முதற்பகுதிக்கு உரியதே. அரசுத் தரப்பில் தேசியத் தகவலியல் மையம் 1980களின் பிற்பகுதியிலேயே மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைக்கத் தொடங்கிவிட்டது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15இல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. சிறு ஊர்க்காரர் அதை எட்ட எஸ்டிடி அழைப்புதான் வழி. 2000 அக்டோபரில் உருவான பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் சேவையில் அதற்கென ஒதுக்கிய எண்ணைச் சுழற்றினால் போதும் என்றானது.

போகாத அஞ்சலுக்குப் பொற்காலம் அந்த டயல்-அப் ஆண்டுகள்தாம். விண்டோஸ் 98உடன் சேர்ந்தே வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ்தான் பெரும்பாலான அலுவலகங்களின் அஞ்சல் மென்பொருள். 56 கே மோடம் என்று பெயர் இருந்தாலும் மேலேற்றும் வேகம் பொதுவாக அதிகபட்சம் நொடிக்கு 33.6 கிலோபிட். அச்சகம் அனுப்பும் 2 எம்பி கோப்பு, அஞ்சலுக்கேற்ற எழுத்துவடிவுக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும்; தடையின்றிப் போனாலே 11 நிமிடம் ஆகும். பத்தாம் நிமிடத்தில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர எஸ்எம்டிபியில் வழியில்லை; மறுபடி முதலிலிருந்து. போதாக்குறைக்கு மென்பொருள் சேவையகத்தின் பதிலுக்காகக் காத்திருந்தது ஒரே ஒரு நிமிடம். அதை ஐந்தாக உயர்த்துவதும், போகும் அஞ்சலை இடையில் நிறுத்திச் சோதிக்கும் ஆன்டிவைரஸின் அந்த வேலையை மட்டும் அணைப்பதும் அன்றைய கைவைத்தியங்கள். அவுட்பாக்ஸில் சிக்கிய ஒரு பெரிய கடிதம் பின்னால் நின்ற எல்லாவற்றையும் மறித்தது. அதை நீக்க முடியாதபோது அவுட்பாக்ஸ் கோப்பின் பெயரையே மாற்றிவிட்டால், மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

அடுத்த தொல்லை இணைப்பை மாற்றியவர்களுக்கு. யாருடைய கடிதத்தையும் வாங்கி அனுப்பிய சேவையகங்கள் குப்பை அனுப்புவோருக்கு வசதியாகிப்போக, 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9 அந்த வழக்கத்தை இயல்பிலேயே நிறுத்தியது. பிறகு ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் இணைப்பிலிருந்து வருபவர்களின் அஞ்சலை மட்டும் ஏற்றது. பழைய நிறுவனத்தின் சேவையகப் பெயரை வைத்துக்கொண்டு புதிய இணைப்பில் நுழைந்தவருக்குக் கடிதம் வந்தது, போகவில்லை. உண்மையில் அதுவே நல்ல தடயம்: வருகிறது என்றால் லைனில் குறையில்லை, பார்க்க வேண்டியது அனுப்பும் சேவையகத்தின் அமைப்பை. இதற்கு மாற்றாக, அனுப்புபவரிடமும் கடவுச்சொல் கேட்கும் முறை 1999இல் நெறியானது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அதற்கென இருந்த சிறு கட்டத்தில் டிக் போடாததே நெடுங்காலம் பெருங்குற்றவாளி.

2005இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் அகலக்கற்றை வந்தபின் வேகம் குறையாக இல்லை. ஆனால் வீட்டு இணைப்புகளின் எண்முகவரி அடிக்கடி மாறுவது. வைரஸ் தொற்றிய கணினிகள் அவற்றிலிருந்தே குப்பையைக் கொட்டின. குப்பை அஞ்சலைத் தடுக்க முயலும் ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் அத்தகைய முகவரிகளைத் தொகுதி தொகுதியாகப் பட்டியலிட்டன. உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் எஸ்எம்டிபியின் பழைய வழியான போர்ட் 25ஐ அடைத்தன. வாடிக்கையாளர் அஞ்சலுக்கென 1998இலேயே ஒதுக்கிய போர்ட் 587 அப்போதுதான் பரவலாகத் தேவைப்பட்டது. 2018 முதல் தொடக்கத்திலேயே மறையாக்கம் கோரும் 465 பரிந்துரைக்கப்படுகிறது.

2022 மே 30 முதல் கூகுள், தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் கடவுச்சொல்லுடன் நுழையும் மென்பொருள்களை மறுக்கத் தொடங்கியது. தண்டர்பேர்டு போன்றவை உலாவி வழி அனுமதி பெற்றுச் சமாளிக்கின்றன. அது தெரியாத பழைய மென்பொருளுக்கு, ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் பெற வேண்டும். டிஎல்எஸ் 1.2 மறையாக்கம் இயல்பாக இயங்காத விண்டோஸ் 7 கணினியில் அதுவும் பலிக்காமல் போகலாம். அங்கே நிற்பது அனுப்புதல் மட்டுமல்ல, வரத்தும் சேர்ந்தே நிற்கும்.