ஒளிப் பூங்காவில் இரவுப் படம்: செராஸிலிருந்து புறப்படுவோருக்கு

ஷா ஆலாம் ஐ-சிட்டியின் எல்இடி மரங்களுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படத்தை வீட்டில் வந்து பார்த்தால், மரம் நிறமிழந்து வெள்ளைக் குவியலாகவும் முகங்கள் அசைந்து மங்கலாகவும் இருக்கும். இது பலருக்கும் நேர்ந்த ஏமாற்றம். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. சுற்றிலும் உள்ள இருட்டைப் பார்த்து, அது தேவைக்கு மேல் ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது. வெளிச்ச அளவை −1 அல்லது −2க்குக் குறைத்தாலே இலைகளின் நிறம் திரும்பிவிடும். கைப்பேசி என்றால், திரையில் ஒளிரும் மரத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

ஐ-சிட்டியில் எல்லாமே மின்னுவதால், எதை எடுப்பது என்பதே புதியவர்களுக்குக் குழப்பம். கற்றுக்கொள்ள கேஎல்சிசி பூங்காதான் வசதி. பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் ரொபெர்தோ பர்லே மார்க்ஸ் அமைத்த 50 ஏக்கர் பூங்கா அது. மரங்களின் இருட்டு, ஏரியின் நீர், 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தின் ஒளி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். செராஸ்வாசிகள் காஜாங் தட எம்ஆர்டியில் ஏறி, துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் புத்ராஜெயா தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் பெர்சியாரான் கேஎல்சிசி.

ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் கேமராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

நேரம்தான் முக்கியம். கோலாலம்பூரில் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தி நீடிப்பதில்லை. மறைந்து கால் மணி கழித்து வானம் கருநீலமாகும். அதுவும் இன்னொரு கால் மணிதான். அதற்குள் முக்காலியை நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, துளை எஃப்/8, ஷட்டர் 2 நொடி எனத் தொடங்கி, படத்தைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். விரலின் அசைவு படத்தைக் கெடுக்காமலிருக்க 2 நொடி டைமர் உதவும். துளையை எஃப்/16 வரை சுருக்கினால் விளக்குகள் நட்சத்திரமாக விரியும்.

முக்காலி இல்லாதவர்கள் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, துளையை அகலத் திறந்து, 1/50 நொடியில் எடுக்கலாம். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாதாரண எல்இடி விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 1/500 போன்ற வேகத்தில் படத்தில் கோடுகள் விழக்கூடும்.

ஆட்களை எடுக்கும்போது மரத்தை ஒட்டி நிறுத்த வேண்டாம். சிவப்பும் நீலமும் முகத்தில் அப்பிக்கொள்ளும். பத்தடி முன்னே நிறுத்தி, ஃபிளாஷின் வலுவைக் குறைத்து, ஷட்டரை 1/15 அளவில் வைத்தால் முகமும் பின்னால் உள்ள விளக்கும் சேர்ந்து வரும். ஃபிளாஷ் பிடிக்காதவர்கள் இன்னொரு கைப்பேசியின் வெள்ளைத் திரையை முகத்துக்கு நேராகப் பிடிக்கலாம்; பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பலன் தரும். மழை விட்ட இரவுகளில் தேங்கிய நீரருகே குனிந்து எடுத்தால் ஒரு மரம் இரண்டாகத் தெரியும்.