ஒட்ட மறுத்த உலோகம்

ஓய்வு வேளையில் உலோகங்களைப் பற்றவைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் அமெரிக்க நாட்டில் பலர் உளர். மோட்டார் வண்டி நிறுத்தும் கொட்டகையே அவர்களுக்குப் பட்டறை. சிறு படகு, இழுவண்டி, எண்ணெய்த் தொட்டி முதலியவற்றைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. இவர்களிடையே நெடுநாளாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. அலுமினியத்திற்கு டிக் முறை உகந்ததா, மிக் முறை உகந்ததா என்பதே அது. தீர்ப்புக் கூறுமுன் இவ்விரு முறைகளும் பிறந்த வரலாற்றை நோக்குவோம்.

இரும்பும் செம்பும் மனிதன் கைக்கு வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. அலுமினியமோ, 1886-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூல்ட்டும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்ட பின்னரே மலிவாகக் கிடைக்கலாயிற்று. இவ்வுலோகத்தின்மீது காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடுப் படலம் படர்கிறது. அரிப்பிலிருந்து உலோகத்தைக் காப்பது இப்படலமே. பற்றவைப்போனுக்குப் பகையாவதும் இதுவே. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். படலம் உருகுவதற்கோ 2,000 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். எனவே உள்ளே உலோகம் நீராகி நின்றாலும், மேலே தோல் உருகாமல் நின்று இரு துண்டுகளும் ஒன்று கலவாதபடி தடுக்கும். பண்டு வாயுச் சுடரால் பற்றவைத்தோர் இப்படலத்தைக் கரைக்கக் குளோரைடு, புளோரைடு உப்புகளைத் தூவினர். அவற்றின் எச்சத்தை நன்கு கழுவாவிடில் அதுவே மூட்டை அரித்துவிடும்.

இவ்விடர் நீங்க உதவியவை, எதனோடும் எளிதில் கூடாத மந்த வாயுக்கள். அவற்றுள் ஹீலியத்தின் கதையில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் ஆந்திரத்துக் குண்டூரில் இருந்து சூரியப் பிழம்புகளின் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தார். அவ்வொளியில் காணும் மஞ்சட் கோடு ஒரு புதிய தனிமத்திற்கு உரியது என்று ஆங்கில அறிஞர் லாக்யர் பின்னர் கருதினார். 1895-இல் ராம்சே அதனைப் பூமியிலேயே கண்டறிந்தார். அதற்கு முந்திய ஆண்டில் அவரும் ராலேயும் காற்றில் ஆர்கானைக் கண்டிருந்தனர். கிரேக்க மொழியில் ஆர்கான் என்றால் சோம்பேறி என்று பொருள். அச்சோம்பலே பின்னர்ப் பெரும்பயன் தந்தது.

1941-இல் கலிபோர்னியாவில் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித், எளிதில் தீப்பற்றும் மெக்னீசியத்தைப் பற்றவைக்க வழி தேடினார். உருகாத டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில்லை எழுப்பி, அதைச் சுற்றி ஹீலியத்தைப் போர்வையாகப் படரவிட்டார். டிக் முறை இதுவே. பின்னர் அலுமினியத்திற்கு மாறுதிசை மின்னோட்டம் ஏற்றதாயிற்று. அதன் ஒரு பாதி படலத்தை உடைக்கும், மறு பாதி உலோகத்தை உருக்கும். ஒரு கையில் மின்முனை, மறு கையில் நிரப்புக் கம்பி, காலடியில் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதி என, பொறுமையோடு செய்யவேண்டிய வேலை இது.

வேகம் வேண்டியபோது மிக் பிறந்தது. 1948-இல் ஓஹையோ மாநிலத்துப் பாட்டெல் ஆய்வு நிலையத்தில், இடைவிடாது ஓடிவரும் கம்பியையே மின்முனையாகவும் நிரப்புப் பொருளாகவும் ஆக்கினர். இதுவும் முதலில் அலுமினியம் போன்ற இரும்பல்லாத உலோகங்களுக்கென்றே அமைந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1953-இல் கரியமில வாயுவைக் கொண்டு எஃகைப் பற்றவைக்கும் வழி வந்தபின், மிக் எஃகுக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றிற்று. நம் நாட்டுப் பட்டறைகளிலும் டிக் முறையை ஆர்கான் வெல்டிங் என்றும், மிக் முறையை சி.ஓ.டூ. வெல்டிங் என்றும் வழங்குவர். பெயரை நம்பிக் கரியமில வாயுவை அலுமினியத்தின்மீது செலுத்தினால் மூட்டு கெடும்; மிக் முறையிலும் அலுமினியத்திற்கு ஆர்கானே வேண்டும்.

இனி வழக்கிற்கு வருவோம். மெல்லிய தகடு, கசிவு கூடாத தொட்டி, கண்ணுக்குத் தெரியும் நேர்த்தியான மூட்டு ஆகியவற்றிற்கு டிக் சிறந்தது. தடித்த தகட்டில் நீண்ட மூட்டுகள், படகின் அடிப்பாகம் போன்றவற்றிற்கு மிக் சிறந்தது. ஆயினும் மிக் முறையில் மென்மையான அலுமினியக் கம்பி நீண்ட குழாயினுள் சுருண்டு சிக்கிக்கொள்ளும். கம்பிச் சுருளைக் கைத்துப்பாக்கியிலேயே பொருத்துவது இதற்கெனத் தோன்றிய உபாயமாகும். தொடக்கத்தில் உலோகம் போதிய சூடேறாவிடில், மூட்டு மேலே அழகாகப் படிந்தும் உள்ளே பற்றாமல் நிற்கும். ஆளேறும் படகிலோ பாரம் சுமக்கும் வண்டியிலோ இத்தகைய பொய்ம்மூட்டு உயிருக்கே உலையாகலாம்.

எம்முறையைக் கொண்டாலும் மாறாத விதிகள் இரண்டு உண்டு. முதலாவது, எண்ணெய்ப் பசையை நீக்கி, துருப்பிடியா எஃகுத் தூரிகையால் படலத்தைத் தேய்த்தெடுத்த பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். இரண்டாவது, வெப்பப் பதம் ஏற்றி வலுவூட்டிய கலவைகள் மூட்டருகே தம் வலிமையில் பெரும்பகுதியை இழக்கும். அதற்கேற்பத் தகட்டின் தடிப்பைக் கூட்டவேண்டும்.

ஆதலின் எது உயர்ந்தது என்று கேட்குமுன், தகடு எவ்வளவு தடிப்பு, மூட்டு எவ்வளவு நீளம், அது தாங்கப்போகும் பாரம் என்ன என்று கேட்பதே முறை. விமானத்திற்காக ஒன்றும் விரைவிற்காக ஒன்றும் பிறந்தன. நம் தேவை எதுவோ அதுவே நமக்கு வழிகாட்டும்.