செக்ரோப்பின்

பாக்டீரியாத் தொற்றுக்கு எதிராகப் பூச்சிகள் சுரக்கும் நேர்மின்சுமை கொண்ட பெப்டைடு வகை. எதிர்ப்பொருள்கள் அற்ற பூச்சிகளின் இயல்பு நோயெதிர்ப்பில் இதன் பங்கு முதன்மையானது. தொற்று நேர்ந்ததும் கொழுப்புத் திசுவில் உருவாகி ஹீமோலிம்ஃபில் கலக்கிறது. செக்ரோப்பின்-ஏ 37 அமினோ அமிலங்களால் ஆனது. இதன் இரு ஆல்ஃபா சுருள்களை வளையும் பகுதி ஒன்று இணைக்கிறது. எதிர்மின்சுமையுள்ள பாக்டீரியச் சவ்வில் இது படிந்து, சவ்வின் கட்டமைப்பைக் குலைப்பதால் அயனிகள் கசிந்து செல் மடிகிறது. கிராம்-எதிர், கிராம்-நேர் பாக்டீரியாக்களில் பலவற்றை அழிக்கும்.

சுவீடனின் ஹான்ஸ் போமன் குழுவினர், வட அமெரிக்க செக்ரோப்பியா அந்துப்பூச்சியின் உறக்கநிலைக் கூட்டுப்புழுக்களில் பாக்டீரியாவைச் செலுத்தி இதைப் பிரித்தெடுத்தனர். அமினோ அமில வரிசை 1981-இல் வெளியானது. பட்டுப்பூச்சி, பழ ஈ ஆகியவற்றிலும் செக்ரோப்பின்கள் உள்ளன. பன்றிக் குடலிலிருந்து 1989-இல் அறிவிக்கப்பட்ட செக்ரோப்பின்-பி1, அங்கு வாழும் உருளைப்புழுவுக்கு உரியது எனப் பின்னர் தெளிவானது.