டார்ஜிலிங்: மடமும் மலைநகரும்

இமயமலையின் கிழக்குச் சாரலில், ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ள டார்ஜிலிங் நகரின் பெயரை அறியாதார் சிலரே. விடியற்போதில் டைகர் ஹில் எனப்படும் குன்றிலே நின்று, 28,169 அடி உயர்ந்த கஞ்சன்ஜங்காச் சிகரம் செந்நிறமுற்றுப் பின் பொன்னிறமாவதைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் அங்குச் செல்கின்றனர். கூம் முதலிய இடங்களிலுள்ள பௌத்த மடங்களையும் தரிசித்து மீள்கின்றனர். ஆயினும், காட்சி இன்பத்தோடு அமைந்துவிடுவோர்க்கு அந்நகரின் வரலாறு புலனாவதில்லை. சிறியதொரு மடம் இருந்த குன்று எவ்வாறு ஒரு பேரரசின் ஓய்விடமாயிற்று? அம்மாற்றத்துக்கு விலை கொடுத்தோர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

'தோர்ஜே' என்னும் திபெத்துச் சொல் வச்சிரத்தைக் குறிக்கும். 'லிங்' என்பது இடம் என்னும் பொருளது. ஆகவே 'வச்சிரத்தின் இடம்' என்பதே இப்பெயரின் பொருளாகும். இன்று ஒப்சவேற்றரிக் குன்று என வழங்கும் மேட்டிலே 1765 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பௌத்த மடமே இப்பெயருக்கு மூலம் என்பர். 1815 ஆம் ஆண்டளவில் கூர்க்கர் படையெடுப்பில் அம்மடம் அழிவுற்றது. மடம் பின்னர் வேறிடத்தில் நிறுவப்பட்டதாயினும் குன்றின் புனிதம் குன்றவில்லை. மகாகாலர் சந்நிதி இன்றும் அங்குளது. இந்துக்களும் பௌத்தர்களும் ஒருங்கே வழிபடுகின்றனர்.

லெப்சா மக்களின் தாயகமாகிய இப்பகுதி சிக்கிம் அரசருக்கு உரியதாயிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கூர்க்கர் அதனைக் கைப்பற்றினர். 1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு போர் புரிந்து வென்ற கிழக்கிந்தியக் கம்பெனியார், 1817 ஆம் ஆண்டுத் தித்தாலியா உடன்படிக்கையால் மேச்சி, தீஸ்தா ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தைச் சிக்கிமுக்கு மீள அளித்தனர். ஆனால், அயல்நாடுகளுடன் சிக்கிமுக்கு எழும் பிணக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தைத் தமக்கே வைத்துக்கொண்டனர். நிலத்தைத் திருப்பிக் கொடுத்த கையே பிறகு அதனைக் கேட்டுப் பெறுவதற்கும் இவ்வதிகாரமே வழி திறந்தது.

எல்லைப் பிணக்கொன்றைத் தீர்க்கச் சென்ற கப்டன் லொயிட் 1829 இல் டார்ஜிலிங்கைக் கண்டார். வங்கத்தின் வெப்பத்தால் நோயுற்ற ஆங்கிலேயர் உடல் தேறுதற்கு ஏற்ற இடம் இதுவென மகாதேசாதிபதி பென்டிங்க் பிரபுவுக்கு அறிவித்தார். அதன் பயனாக, 1835 பெப்ரவரி முதலாந் தேதியன்று சிக்கிம் அரசர் நட்பின் அடையாளமாக அம்மலையைக் கம்பெனிக்கு வழங்கினார். அச்சாசனத்திலே பணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 1841 இலேதான் ஆண்டுக்கு 3,000 ரூபா உதவித்தொகை வகுக்கப்பட்டது. 1846 இல் அது 6,000 ரூபாவாயிற்று.

நட்பு நெடுநாள் நிலைக்கவில்லை. டார்ஜிலிங் அதிகாரியாகிய கலாநிதி காம்பெல் என்பாரும், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரும் 1849 இல் திபெத்து எல்லைப்புறத்திலே சஞ்சரித்தபோது சிக்கிம் திவானின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். சில வாரங்களில் விடுவிக்கப்பட்டனராயினும், இதனைக் காரணங் காட்டிக் கம்பெனியார் உதவித்தொகையை நிறுத்தியதோடு 1850 இல் சிக்கிமின் தாழ்நிலங்களையும் தமதாக்கினர். நன்கொடையாகப் பெற்ற ஒரு குன்று, பதினைந்து ஆண்டுகளுள், கைப்பற்றப்பட்ட ஒரு மாவட்டமாக விரிந்தது.

நகரின் வளர்ச்சி விரைவானது. 1839 இல் நூறு பேரளவே இருந்த குடித்தொகை, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 10,000 ஆயிற்று. 1841 இல் காம்பெல் தம் தோட்டத்தில் இட்ட தேயிலை விதை பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. 1866 இல் 39 ஆக இருந்த தோட்டங்கள் 1874 இல் 113 ஆகப் பெருகின. காட்டை வெட்டித் தோட்டமாக்கியோருட் பெரும்பாலார் நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளர். தென்னிந்தியத் தமிழர் உழைப்பால் உருவான நம் மலைநாட்டுத் தோட்டங்களை அறிந்தோர்க்கு இச்செய்தி புதியதன்று. 1881 இல் இரண்டடி அகலப் பாதையில் ஓடும் புகையிரதமும் சிலிகுரியிலிருந்து மலையேறியது. 1999 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. 1897 ஜனவரியில் யாழ்ப்பாணத்திற் சொற்பொழிவாற்றிய சுவாமி விவேகானந்தர், அவ்வாண்டிலேயே உடல்நலிவு தீர ஓய்வு நாடிச் சென்றதும் இம்மலைக்கே.

ஆசிரியரும் மாணவரும் சிறப்பாகச் சிந்திக்கத்தக்க செய்தியொன்று உளது. திபெத்தை நோக்கிய வாயிலாகிய டார்ஜிலிங், இரு பேரறிஞரின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. ஒருவர் ஹங்கேரி நாட்டவராகிய சோமா டி கொரோஸ். தம் இனத்தின் மூலத்தைத் தேடி ஆசியாவுக்கு வந்த அவர், சன்ஸ்கார் மடங்களிலே கடுங்குளிரில் வறுமையோடு திபெத்து மொழியைப் பயின்று, 1834 இல் அதன் அகராதியையும் இலக்கணத்தையும் வெளியிட்டார். லாசாவுக்குச் செல்லும் வழியிற் காய்ச்சலுற்று, 1842 ஏப்பிரலில் டார்ஜிலிங்கிலேயே உயிர்நீத்தார். அவர் கல்லறை அங்குளது.

மற்றவர் சரத் சந்திர தாஸ். 1874 இல் டார்ஜிலிங்கிலே திறக்கப்பட்ட பூட்டியா விடுதிப் பாடசாலையின் தலைமையாசிரியர் அவர். அப்பாடசாலையின் திபெத்து மொழியாசிரியராகிய உக்யென் கியாத்சோவுடன் 1879 இலும் 1881 இலும் திபெத்துக்குச் சென்று, மடங்களிலே தங்கி அரிய நூல்களைத் தேடிக் கொணர்ந்தார். 1902 இல் வெளியான அவரது அகராதி இன்றும் போற்றப்படுகின்றது. ஆனால், அப்பயணங்கள் கல்விக்காக மட்டும் அமைந்தவையல்ல. அவர் திரட்டிய செய்திகள் ஆங்கில அரசாங்கத்துக்கும் பயன்பட்டன. உண்மை வெளிப்பட்டபோது, அவருக்கு இடமளித்துப் பேணிய செங்சென் லாமா ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அகராதியால் உலகம் பெற்ற நன்மை பெரிது. எனினும், நம்பி வாயில் திறந்தவர் உயிரிழந்ததை அந்நன்மை ஈடுசெய்துவிட்டது என நாம் கூறவியலாது. அறிவு தேடுவோன் யாருடைய பொருட்டுத் தேடுகின்றான் என்னும் வினாவினின்றும் கல்வி விலகி நிற்றல் அரிது.

1955 இல் கஞ்சன்ஜங்காவை முதன்முதல் எட்டிய ஆங்கிலேயர் இருவர், சிகரத்தின் உச்சியை மிதியாது சில அடி கீழே நின்று திரும்பினர். சிக்கிம் மக்கள் தெய்வமாகப் போற்றும் மலையின் முடியைத் தீண்டுவதில்லை என அவர்கள் வாக்களித்திருந்தனர். 1835 ஆம் ஆண்டுச் சாசனத்தையும் இச்செயலையும் ஒப்புநோக்குவோர், பிறர் போற்றும் இடத்துக்கு எவ்வாறு செல்லுதல் தகும் என்பதை உணர்வர். டார்ஜிலிங் செல்லும் நம் மாணவர், பனிமுடியைக் காணும் கண்ணால் அக்குன்றின் பழைய மடத்தையும், அங்குத் தேயிலை கொய்யும் கைகளையும் ஒருங்கே நோக்குவாராக.