பஞ்சகல்யாணி: ஐந்து வெள்ளையின் பெயர்

தாங்கல் என்றால் நீர் தேங்கும் சிற்றேரி. பெயரைப் பிரித்தால் மண்ணின் பழைய நிலை தெரியும் என்பதற்குச் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல் நல்ல சான்று. அங்கிருந்து சற்றுத் தள்ளி, 1777-லேயே குதிரைப் பந்தயம் தொடங்கிய கிண்டி. அந்தக் கிண்டியை நினைத்தால் பிரித்துப் பார்க்கத் தோன்றும் பெயர் ஒன்று உண்டு: பஞ்சகல்யாணி.

நான்கு கால்களும் முகமும் வெளுத்த குதிரை பஞ்சகல்யாணி. கல்யாணி என்றதும் நமக்குத் திருமணமும் ராகமும் நினைவுக்கு வரும். வடமொழியில் கல்யாணம் என்பதற்கு அழகு, நன்மை, மங்கலம் என்பவையே மூலப்பொருள். திருமணம் பின்னால் வந்து சேர்ந்தது. எனவே, ஐந்து மங்கலம் உடையது என்பதே பெயரின் கருத்து. மார்பும் பிடரியும் வாலும் சேர்ந்து வெளுத்தால் கணக்கு எட்டாகும். அதற்கு அஷ்டமங்கலம் என்று பெயர்.

குதிரை கப்பலில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பரி, புரவி, இவுளி எனத் தமிழில் அதற்குப் பெயர்கள் பல. ஆனால் இந்த ஐந்து வெள்ளைக்கு வடசொல்லே நிலைத்தது. பஞ்சாபிலோ அதே சொல் எருமைக்குப் போயிற்று: நெற்றியும் கால்களும் வால் நுனியும் வெளுத்த நீலி ராவி எருமையை அங்கே பஞ்சகல்யாணி என்கிறார்கள்.

குதிரையில் ஏன் இந்த ஐந்து இடங்கள்? நிறம் தரும் செல்கள் கருவில் முதுகுத்தண்டை ஒட்டிப் பிறந்து உடலெங்கும் நகர்கின்றன. முகமும் கால் நுனிகளும் அவற்றுக்கு மிகத் தொலைவு. கிட், எம்ஐடிஎஃப் போன்ற மரபணுக்களின் மாற்றங்கள் அந்தப் பயணத்தைக் குறைத்தால், செல் எட்டாத இடம் வெளுக்கிறது. அங்கே தோலும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

முழுக்க நரைத்து வெண்மையான குதிரையின் கதை வேறு. அது கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து வயதோடு வெளுக்கிறது. தோல் கருமையாகவே நிற்கும். அதற்கான மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. அதைப் பஞ்சகல்யாணி என்பது பிழை.

மங்கலம் என்பது நம்பிக்கை. ஐந்து என்பது கண்ணால் கண்ட உண்மை. கருவில் நிறம் கடைசியாகச் சென்று சேரும் இடங்களைத்தான் இந்தச் சொல் எண்ணி வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கைக்காகவேனும் இந்தப் பெயரைச் சரியான குதிரைக்கு வழங்கி, வழக்கில் காப்போம்.